தை முதல் பங்குனி வரை மதுரை மனைத் தோட்டம்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



மதுரைச் சமவெளியில் இளவேனில் மிகக் குறுகியது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்கிறது. மார்கழியும் கழிந்து தை பிறக்கும்போது மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரமே கோடை மழை வரும்வரை செடிகளுக்குக் கைம்முதல். மாசிக் காலைகள் குளிர்ந்திருக்கும். இலைகளில் பனி நிற்கும். பங்குனி பிறந்தவுடன் பகல் வெப்பம் 36, 37 டிகிரி செல்சியசை எட்டிவிடும். பணியின் பொருட்டு வேற்றூர்களிலிருந்து மதுரைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் மாசிக் காலையின் குளிர்ச்சியை நம்பி, நாற்றுப் பண்ணையில் கண்ட கன்றுகளையெல்லாம் வாங்கி நட்டுவிடுவதுண்டு. சித்திரையில் அவை கருகும். வேர் ஆழம் பிடிக்குமுன் வெயில் முந்திக்கொள்வதே காரணம். இங்கே தை முதல் பங்குனி வரையிலான காலம், புதிய மரங்களை நடுவதற்கு உரியதன்று. நட்டவற்றைக் காப்பதற்கும், கொடிக்காய்களை விதைப்பதற்கும், அடுத்த மழைக்கு மண்ணை ஆயத்தம் செய்வதற்கும் உரியது.

சமண இல்லறத்தாருக்குத் தோட்டப் பணியில் மற்றொரு கணக்கும் உண்டு. மண்ணைக் கிளறினால் புழு சாகும். நீர் பாய்ச்சினால் எறும்புப் புற்று நனையும். செடியை ஒடித்தால் ஓரறிவுயிர் நோகும். சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துவரும் கவுந்தியடிகள், புறப்படும்போதே வழியின் இடர்களைச் சொல்கிறார். சோலை வழியே சென்றால் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகத்தின் உதிர்மலர்கள் மூடியிருக்கும். அறியாதார் அவற்றில் விழுவர். வயல் வழியே சென்றால் நீர்க்கரையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும்; அத்துன்பம் பொறுக்க முடியாதது. நாடுகாண் காதையில் வரும் இப்பகுதியை வழிநடைக்குரிய எச்சரிக்கையாகவே பலரும் படிப்பர். மண்வெட்டி பிடிப்பவருக்கும் அது பொருந்தும்.

இல்லறத்தார் செய்யும் இம்சையைச் சமண அறநூல்கள் நான்காகப் பகுக்கின்றன. கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது சங்கல்ப இம்சை. வீட்டு வேலைகளில் தவிர்க்க இயலாமல் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புக்குரிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோதி இம்சை. முதலாவதை இல்லறத்தார் முற்றாக விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். தோட்டத்தில் பாத்தி கட்டும்போது ஒரு புழு மடிவது இரண்டாம் வகை. பூச்சியைக் கொல்லவென்றே மருந்து வாங்கித் தெளிப்பது முதலாம் வகையை நெருங்கிவிடுகிறது. ஆகவே கொல்ல வேண்டிய நிலையே வாராத வண்ணம் செடியையும் பருவத்தையும் இடத்தையும் தேர்ந்துகொள்வதே சமண வீட்டுத் தோட்டத்தின் முதன்மையான வேலை. இது சொல்லுமளவுக்கு எளிதன்று. மதுரையின் புகழ்மலரிலேயே அதன் கடினம் தெரியும்.

மதுரை மல்லி 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி வட்டாரங்களில் விளையும் இந்தக் குண்டுமல்லிக்கு வேர்பிடித்த பதியன்கள் பெரும்பாலும் இராமேசுவரம் அருகேயுள்ள தங்கச்சிமடம் பகுதியிலிருந்து வருகின்றன. மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். அதனால் கவாத்து இல்லாமல் பூ இல்லை. குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் இறுதி வாரத்தில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் வெட்டிவிடுவர். பிச்சிக்கு டிசம்பர் இறுதி. முல்லைக்கு சனவரி இறுதி, அதாவது தை நடுப்பகுதி. எனவே தைப் பொங்கல் கழிந்த பின் வீட்டில் முல்லைக் கொடி உள்ளவர்கள் கத்தரிக்கோலை எடுக்கலாம். குண்டுமல்லிக்கு அப்போது துளிர்ப் பருவம், கைவைக்கலாகாது. கார்த்திகையில் கவாத்தைத் தவறவிட்டவர்கள் தையில் காய்ந்த குச்சிகளையும் உட்புறம் நெருங்கிய கிளைகளையும் மட்டும் நீக்கினால் போதும். பூ சற்றே பிந்தும், அவ்வளவுதான்.

மார்கழி, தை மாதங்களில் பூ குறைந்து, மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் மல்லிகை, பங்குனி முதல் பெருகத் தொடங்கும், விலையும் சரியும். அதே பருவத்தில்தான் மொட்டுப்புழுவும் சிவப்புச் சிலந்தியும் செடியை நாடும். மொட்டுப்புழு மொட்டைத் துளைத்து உள்ளே தின்னும். சிவப்புச் சிலந்தி இலையின் அடியில் இருந்து சாறுண்ணும்; இலை வெளுத்து உதிரும். மல்லிகைத் தோட்டங்களில் இவற்றிற்கு மருந்து தெளிப்பது பரவலான வழக்கம். ஒரு பருவத்து விளைச்சலையே நம்பி வாழும் குடியானவர் செய்யும் அதனைக் குறைகூற, விலை கொடுத்து அப்பூவை வாங்குவோருக்குத் தகுதியில்லை. ஆனால் ஜினாலயத்தில் சாத்துவதற்கு நாள்தோறும் ஒரு கைப்பிடி மலர் போதும் என்றால், அந்த அளவை மொட்டைமாடியில் 4 தொட்டிகளே தந்துவிடும். அங்கே மருந்துக்கு இடமில்லை.

இவ்விடத்தில் ஒரு பொதுவான நம்பிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேப்பெண்ணெய் இயற்கைப் பொருள். ஆகவே அது அகிம்சை மருந்து என்று பல வீடுகளில் எண்ணுகின்றனர். வேம்பின் கசப்பு பூச்சிகள் இலையைத் தின்னாமல் விலக்குவது உண்மைதான். ஆனால் வேப்ப விதையிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் இளம்புழுக்கள் தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. தோலுரிக்க இயலாத புழு மடிந்துபோகும். மெதுவாகச் சாவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மஞ்சள் ஒட்டுப்பொறியும் விளக்குப் பொறியும் இத்தகையவையே. மருந்தில்லை என்பதனால் கொலையில்லை என்று ஆகாது. இயற்கை வேளாண்மை என்பது ஒன்று. கொல்லாமை என்பது வேறொன்று. இரண்டும் பல இடங்களில் சேர்ந்து நடக்கும். சில இடங்களில் பிரியும்.

எஞ்சும் வழிகள் சில. சிவப்புச் சிலந்தி வறட்சியில் பெருகுவது; ஈரம் உள்ள இடத்தில் பெருக்கம் குறையும். எனவே மாசி முதலே காலை வேளையில் இலைகளின் அடிப்புறம் நனையுமாறு நீர் தூவிவந்தால் அது மிகுவதற்கு முன்பே தடைப்படும். வெயிலும் காற்றும் செடியின் நடுவே புகும்படி கிளைகளைத் திறந்து வைப்பது வேண்டும். புழு துளைத்த மொட்டுகளைப் பறித்து, தோட்டத்தின் மறுகோடியில் இட்டுவிடலாம். இவ்வளவுக்குப் பின்னும் 10 மொட்டில் 2 மொட்டுப் புழுவுக்குப் போகுமாயின், அது போகட்டும். விற்பனைக்கு வளர்ப்பவரால் இயலாத இந்தப் பெருந்தன்மை வீட்டில் வளர்ப்பவருக்கு இயலும். பறிப்பதையும் இருளில் செய்ய வேண்டியதில்லை. சந்தைக்காக விடியலுக்கு முன் பறிக்கின்றனர். வீட்டில் கதிரவன் எழுந்த பின் பறித்தாலும் மொட்டு மாலைவரை மூடியே இருக்கும். நீர் ஊற்றுவதற்கும் காலையே ஏற்றது. மாலையில் ஊற்றிய ஈரத்தை நாடி இரவில் நத்தைகள் வெளிவரும். இருட்டில் நடப்பவர் காலடியில் அவை சிக்கும்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தைச் செடிகளின் இளந்தளிரில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவைக் கண்டு அருவருக்க வேண்டாம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளமைக் கோலம் அது. வளர்ந்தபின் பச்சை நிறம் கொள்ளும். சில வாரங்களில் கூடு கட்டிச் சிறகு பெற்றுப் போய்விடும். இடுப்பளவு வளர்ந்த கறிவேப்பிலைக்கு அதனால் கேடில்லை, மறுபடி துளிர்க்கும். சிறு கன்றாக இருந்தால் மட்டும் மெல்லிய வலையைத் தளிர் வருமுன்பே போர்த்தி வைக்கலாம். பெரிய செடி ஒன்றும் அருகில் இருந்தால் புழுவை இலையோடு அங்கு மாற்றிவிடலாம்.

காய்களுக்கு வருவோம். கிழங்குகளை விலக்கும் குடும்பங்களுக்கு மண்ணுக்குக் கீழ் விளைவன தேவையில்லை என்பதால், தைப்பட்டம் மிகவும் பொருந்திவருகிறது. சுரை, பாகல், பீர்க்கு, புடலை ஆகியவற்றைத் தையில் விதைக்கலாம். இல்லாவிட்டால் ஆடிவரை பொறுக்க வேண்டும். வெண்டையும் கொத்தவரையும் அவ்வாறே தையிலிருந்து மாசிக்குள். குழிக்கு 5 விதை போட்டு முளைத்த பின் 3 நாற்றைப் பிடுங்கி எறிவது பலரும் செய்வது. நல்ல விதையாக 2 மட்டும் ஊன்றினால் பிடுங்கும் வேலை இல்லை. கொடிக்காய்களுக்குப் பெருந்தொல்லை பழ ஈ. பிஞ்சின் தோலில் முட்டையிட, உள்ளே புழு வைத்துக் காய் அழுகும். பூ வாடிப் பிஞ்சு விரல் நீளம் ஆனவுடன் செய்தித்தாள் உறையோ பழைய வேட்டித் துணியோ சுற்றிக் கட்டிவிட்டால் ஈ நெருங்காது. கவர்ச்சிப்பொறி வைத்து ஈக்களைக் கொல்வதைவிட இது மலிவு. புழு வைத்த காயை அறியாமல் அரிவதும் இதனால் நீங்குகிறது. அட்டமி, சதுர்த்தசி நாட்களில் பசுங்காய் தவிர்ப்பவர்கள் கொத்தவரையைச் சற்றே மிகுதியாக விதைக்கலாம்; பங்குனி வெயிலில் அது 3, 4 நாட்களில் வற்றலாகிவிடும்.

மாசியில் வேம்பும் அரசும் புங்கும் இலையுதிர்க்கும். அந்தச் சருகைக் கூட்டித் தீயிடுவதைப் போல் எண்ணற்ற சிற்றுயிர்களை ஒரே நேரத்தில் அழிக்கும் செயல் வீட்டுத் தோட்டத்தில் வேறில்லை. சருகை நான்கு விரல் கனத்துக்குச் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். ஊற்றும் நீரும் மிச்சமாகும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளி இட வேண்டும்; இல்லையேல் தண்டு அழுகும். பறவைகளுக்குத் தண்ணீர் வைப்போர் மண்சட்டியை நாள்தோறும் கவிழ்த்து, பழைய நீரைச் செடிக்கு ஊற்றிப் புதுநீர் நிரப்புக. கொசு முட்டையிட்டுப் பறப்பதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் அன்றாடம் மாற்றும் நீரில் அது வளராது. பிறகு கொசுவர்த்தியைத் தேட வேண்டியதும் குறையும்.

இனி அசோகம். தீர்த்தங்கரருக்குரிய எண்வகைப் பிராதிகாரியங்களுள் முதலில் வைத்து எண்ணப்படுவது. பழந்தமிழ் நூல்கள் பிண்டி என்றும் செயலை என்றும் அழைப்பது. புகாரை விட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும் வலம்வந்த சிலாதலம் பிண்டி நிழலில் இருந்தது என்கிறது சிலப்பதிகாரம். இன்று ஆலயங்களிலும் பள்ளி வளாகங்களிலும் மதில் ஓரம் தூண்போல் வளர்ந்து நிற்கும் அசோக மரம் பிண்டி அன்று. அது நெட்டிலிங்கம். நாற்றுப் பண்ணைகளிலும் அதையே அசோகா என்று சொல்லி விற்கின்றனர். நெட்டிலிங்கத்தின் இலை குறுகி நீண்டு ஓரம் அலைபோல் நெளிந்திருக்கும்; பூ இளம்பச்சை நிறத்தில் கண்ணுக்கு எளிதில் படாது. உண்மை அசோகம் கிளை பரப்பி வளரும். அதன் இளந்தளிர்கள் செம்பு நிறத்தில் கொத்தாகத் துவண்டு தொங்கும். மாசி, பங்குனியில் கிளைகளிலும் தண்டிலும் கூடப் பூங்கொத்துகள் வெடிக்கும்; முதலில் மஞ்சள் கலந்த செம்மஞ்சளாக இருந்து பின்னர்ச் சிவக்கும். அம்மலருக்கு அல்லி இதழே இல்லை. இதழாகத் தோன்றுவது புல்லிவட்டம். பட்டைக்காகப் பெரிதும் வெட்டப்பட்டதால் காடுகளில் அருகி, உலக அளவில் அழியும் இடர்நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இம்மரம் இடம்பெற்றுள்ளது.

எனவே கன்று வாங்குவோர் பெயரைக் கேட்டு வாங்காமல் இலையைப் பார்த்து வாங்க வேண்டும். வாங்குவதற்குப் பூக்காலமே நல்ல காலம். பூத்த தாய்மரத்தைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். நடுவதற்கு இது காலமன்று. அசோகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் வளரும் மரம். மதுரையின் கோடைக்காற்றில் இளங்கன்றின் இலை ஓரம் தீய்ந்துவிடும். வாங்கிய கன்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றி, வேறொரு மரத்தின் நிழலில் வைத்து, மண் காயாமல் நீர் ஊற்றிவருக. வீட்டிலோ ஆலய வளாகத்திலோ மேற்கு வெயிலைச் சுவர் மறைக்கும் இடமாகக் கிழக்குப் புறத்தில் தேர்ந்து வைத்துக்கொள்க. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணானால் நீர் தேங்காதபடி மணலும் மக்கும் கலந்து மேடாக்க வேண்டும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்கு மக்கு மட்டும் மிகுதியாகத் தேவை.

குழியைப் பங்குனியிலேயே வெட்டிவிடலாம். கார்காலத்தில் மண்ணெங்கும் உயிர்கள் நெருங்கியிருப்பதாலேயே துறவியர் அந்த 4 மாதங்களும் ஓரிடத்தில் தங்குகின்றனர். மண் மேற்பரப்பு உலர்ந்த பங்குனியில் மண்புழுக்கள் ஈரம் தேடிக் கீழே இறங்கியிருக்கும்; மண்வெட்டிக்குச் சிக்குவன குறைவு. 2 அடி நீளம், அகலம், ஆழம் போதும். தோண்டும்போது கறையானோ எறும்போ குடியிருக்கக் கண்டால் இரண்டடி தள்ளித் தோண்டுக. குழியின் மேல் பழைய வலையோ ஓலையோ பரப்பி வைப்பது நல்லது. ஓணானும் தவளையும் விழுந்தால் ஏற முடியாமல் தவிக்கும். ஒரு பக்கச் சுவரைச் சரிவாக வெட்டிவிட்டால் விழுந்தவையும் ஏறிவிடும். கோடை முழுதும் வெயில் பட்டுக் கிடந்த அக்குழியில், ஐப்பசியில் முதல் இரண்டு மழை பெய்து மண் அடங்கிய பின், பிண்டிக் கன்றை இறக்கி வைக்கலாம்.