சிகிச்சையின் நாளும் பிரயாணத்தின் நாளும்



பம்பாயாயினும் தில்லியாயினும் கல்கத்தாவாயினும், பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் ஊர்ப் பிரயாணம் இல்லாத ஆண்டு அரிது. உடன்பிறந்தார் வீட்டுத் திருமணம், பெற்றோரின் சஷ்டியப்தபூர்த்தி, குலதெய்வ வழிபாடு என்று ஏதேனும் ஒன்று நம்மை அழைத்த வண்ணம் இருக்கும். 2024 நவம்பர் முதல் ரயில் இடங்களை 60 நாட்களுக்கு முன்பாகவே பதிவு செய்யலாம் என்பது விதி. அந்த நாளை எண்ணிக் காத்திருந்து சீட்டு வாங்கிய பின்னர், வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றும், கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்றும் மருத்துவர் கூறிவிட்டால் என் செய்வது? பிரயாணத்தை முடித்துவிட்டுத் தொடங்கலாமா, தொடங்கிவிட்டுப் பிரயாணம் செய்யலாமா, பிரயாணத்தையே கைவிடுவதா? இவ்வினாவையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

கற்ற மருத்துவன் நோயாளியின் நிலையையும், நோயின் அளவையும், காலத்தையும் ஒருங்கே கருதிச் செயற்பட வேண்டும் என்பது திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் கூறும் கருத்து. நம் வினாவுக்கும் இம்மூன்றே அளவுகோல்கள்.

முதலில் நோயின் அளவைக் காண்போம். புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. தீவிர ரத்தப் புற்றுநோயில் சில நாட்களுக்குள் மருந்தைத் தொடங்க வேண்டியிருக்கும். அங்கே திருமணமும் திருவிழாவும் காத்திருக்கத்தான் வேண்டும். மாறாக, மெல்ல வளரும் சிலவகை நிணநீர்ப் புற்றுநோய்களில், மருந்தே கொடாமல் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட, நோயைக் கண்காணித்து வருவதே முறையான வைத்தியம். இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பவை, அறுவை சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பாதிருக்கக் கொடுக்கப்படும் மருந்துகள். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள்ளும், பெருங்குடல் புற்றுநோயில் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள்ளும் இவற்றைத் தொடங்க மருத்துவர்கள் முயல்கின்றனர்.

இந்த எல்லைகளுக்குக் காரணம் உண்டு. கலிபோர்னியா மாநிலத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டை ஆதாரமாகக் கொண்டு 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், மார்பக அறுவைக்குப் பின் 90 நாட்களுக்கு மேல் தாமதித்தவர்களின் ஆயுள் வாய்ப்புக் குறைந்திருக்கக் கண்டனர். ‘டிரிபிள் நெகடிவ்’ என்னும் வகையில் அக்குறைவு மிகுதியாக இருந்தது. பெருங்குடல் நோயைப் பற்றி 2011-இல் வெளியான தொகுப்பாய்வும், தாமதம் நான்கு வாரம் கூடுந்தோறும் பலன் குறைவதைக் காட்டியது. ஆகவே பத்து நாள் தாமதம் என்பது ஒருவருக்குப் பொருட்படுத்தத் தகாததாகவும், மற்றொருவருக்குப் பேரிழப்பாகவும் அமையலாம். அடுத்த வீட்டுக்காரரின் அனுபவம் இதில் நமக்கு வழிகாட்டியாகாது.

அடுத்து, மருந்தின் காலக்கணக்கு. கீமோதெரபி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒரு முறை, சுற்றுச் சுற்றாகக் கொடுக்கப்படுவது. அது புற்றணுக்களை மட்டும் தாக்குவதில்லை. எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் ரத்த அணுக்களையும் குறைக்கிறது. மூன்று வாரச் சுற்றில், நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பொதுவாக ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை மிகத் தாழ்ந்து, மூன்றாம் வாரத்தில் மீண்டும் உயர்கின்றன. முதற் சில நாட்கள் குமட்டலுக்கும் களைப்புக்கும் உரியவை. இரண்டாம் வாரம் ஆபத்துக்குரியது. மூன்றாம் வாரமே பிரயாணத்துக்கு ஏற்றது.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பம்பாயில் வாழும் ஓர் அம்மையாருக்கு ஏப்ரல் 8-ஆம் தேதி மார்பக அறுவை நடந்தது என்று கொள்வோம். மே 11-இல் மருந்து தொடங்கலாம் என்கிறார் மருத்துவர். மே 22-இல் கும்பகோணத்தில் தம்பி மகளின் திருமணம். அத்தை முறையில் இவர் முன்நின்று செய்ய வேண்டியவை பல. மே 11-இல் தொடங்கினால் திருமணம் பன்னிரண்டாம் நாளில் விழுகிறது. வெள்ளணுக்கள் தாழ்ந்திருக்கும் வேளையில் நூற்றுக்கணக்கானோர் கூடும் மண்டபத்தில் இருக்க நேரும். ஊரிலிருந்து திரும்பி மே 26-இல் தொடங்கினால், அறுவை முடிந்து 48 நாட்கள் ஆகிவிடும். சிலருக்கு இது பொறுக்கத்தக்கதே. நோயின் வகையை அறிந்த மருத்துவர்தாம் அதைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. புண் நன்கு ஆறி, இருதயப் பரிசோதனை முதலியன முடிந்திருந்தால், ஒரு வாரம் முன்னதாக மே 4-இலேயே தொடங்கலாமா என்று கேட்கலாம். அவ்வாறாயின் திருமணம் பத்தொன்பதாம் நாளில் வரும். மே 18-இல் ரத்தப் பரிசோதனை செய்து, எண்ணிக்கை சரியென்றால் புறப்பட்டு, 24-இல் திரும்பி, 25-இல் இரண்டாம் சுற்றுக்கு ஆஜராகலாம். பிரயாணத்தைக் கருதி மருந்தை முன்தள்ளவும் கூடும் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை.

சில வேளைகளில் கணக்கு முற்றிலும் வேறாகும். நோய் முற்றிப் பரவிய நிலையில், மருந்தின் நோக்கம் அதை அடியோடு நீக்குவதன்று. துன்பத்தைக் குறைத்து நாட்களை நீட்டுவது. அத்தகைய முதியவர் ஒருவர், “ஒரு முறை ஊரைப் பார்த்துவிட்டு வந்து ஊசி போட்டுக்கொள்கிறேன்” என்று சொன்னால், அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. நீட்டிக்கிற நாட்கள் எதற்காக என்பதை அவரே அறிவார். இத்தகையோருக்கு மருத்துவர்கள் தொடக்கத்தைச் சற்றுத் தள்ளிவைப்பதும், சுற்றுக்களுக்கிடையே இடைவெளி தருவதும் உண்டு. முடிவு அவருடையதாக இருக்க வேண்டுமானால், நோயின் உண்மை நிலையை அவரிடமிருந்து மறைக்காமல் இருப்பது முதற் கடமை.

நல்ல நாள் பார்க்கும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அஷ்டமி, நவமி கழியட்டும் என்றால் ஓரிரு நாட்களே. மருத்துவர் இசைந்தால் குறையொன்றுமில்லை. ஆடி மாதம் முழுவதும் கழியட்டும் என்பதோ நான்கு வாரத் தாமதம். அதற்கு மேற்சொன்ன கணக்கே விடை.

இவ்வளவுக்கும் மருத்துவரிடம் பிரயாணத்தைப் பற்றி வாய் திறந்து சொல்வது அவசியம். உயிர்ப் பிரச்சினையில் கல்யாணப் பேச்சா என்று கூசி, பலர் அதை மறைத்து விடுகின்றனர். பின்னர் சொல்லாமற் கொள்ளாமல் ஊர் சென்று ஒரு சுற்றைத் தவறவிடுகின்றனர். இந்தியோ மராத்தியோ வங்காளமோ சரளமாகப் பேச வராதவர்கள், அம்மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். கேட்க வேண்டியவை மூன்றே: இந்நோய் எத்தனை நாள் பொறுக்கும்? எந்தத் தேதியில் தொடங்கினால் பிரயாணம் எத்தனையாம் நாளில் விழும்? அங்கே காய்ச்சல் கண்டால் எந்த ஆஸ்பத்திரிக்குச் செல்வது?

மூன்றாம் வினா மிக முக்கியமானது. சிகிச்சைக் காலத்தில் உடற்சூடு 100.4 டிகிரி, அதாவது செல்சியஸ் கணக்கில் 38 டிகிரி கண்டால், மாத்திரை விழுங்கிவிட்டு விடியட்டும் என்று படுத்திருக்கலாகாது. இரவாயினும் உடனே ஆஸ்பத்திரி சேர வேண்டும். ஆகவே வெப்பமானியும், மருந்துகளின் பெயரும் தேதியும் குறித்த மருத்துவரின் கடிதமும், பரிசோதனை அறிக்கைகளும் கைப்பையில் இருத்தல் வேண்டும். வண்டியில் கீழ்ப் படுக்கையைப் பெறுவதும், இடையிடையே எழுந்து நடப்பதும் கால்களில் ரத்தம் உறையாமல் காக்கும். பந்தியில் சூடாகப் பரிமாறப்பட்டவற்றை உண்ணலாம். வெட்டி வைத்த பழங்களையும் பச்சைக் காய்களையும் கொதிக்காத நீரையும் தவிர்ப்பது நலம். சிகிச்சைக்கென்றே வேற்றூர் செல்லும் புற்றுநோயாளருக்கு ரயில்வே கட்டணச் சலுகை உண்டு. திருமணப் பிரயாணத்துக்கு அது பொருந்தாது.

கடைசியாக, ஊரில் இருப்போருக்கு ஒரு சொல். வர இயலாது என்று நம் வீட்டிலிருந்து செய்தி வந்தால், “ஒரு நாள் வந்து தலை காட்டினால் என்ன?” என்று வற்புறுத்தாதிருப்பதே அவர்கள் செய்யும் உதவி. மாலையிட்ட மணமக்கள், விருந்து மறு விருந்து முடிந்த பின், சீர்வரிசைத் தட்டோடு அத்தையின் வீட்டுக்கே வந்து வணங்கிச் செல்லலாம். முகூர்த்தத்துக்கு வர இயலாதவரிடம் ஆசி பெற அதுவும் நம் வழக்கத்தில் உள்ள முறைதான்.