டியூட்டி லிஸ்ட் எழுதப் போகிறவர்களுக்கு

வயலை அடகு வைத்தும் வளையலை விற்றும் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர்களே, இன்று செவிலியர் பட்டமும் குழந்தைகள் நல மருத்துவத்தில் மேற்பட்டமும் பெறும் இளையவர்களே!

செவிலியர் பட்டம் பெறுகிறவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதாமலேயே தேறியவர்கள். 2021 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு அந்தத் தேர்வை ரத்து செய்தது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பாஸான அதே மாதங்களில், இந்தப் பட்டத்தை உங்களுக்கு முன்னால் வாங்கிய அக்காக்கள் கவச உடைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். அது உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

கொரோனா காலத்தில் குழந்தைகள் மருத்துவமனை ஊழியர்களைப் பார்த்துப் பலரும் சொன்ன ஒரு வார்த்தை உண்டு: "உங்களுக்கென்ன, குழந்தைகளைத்தான் கொரோனா ஒன்றும் செய்வதில்லையே!" அதில் பாதி உண்மை. குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது லேசான காய்ச்சலாகத்தான் வந்து போனது. ஆனால் ஊரடங்கில் பஸ் ஓடவில்லை. வலிப்போடும் நீரிழிவு மயக்கத்தோடும் வர வேண்டிய பிள்ளைகள் காலம் கடந்து வந்தார்கள். தடுப்பூசி தள்ளிப்போனது. குழந்தைகள் பிரிவிலிருந்து டாக்டர்களும் சிஸ்டர்களும் பெரியவர்களின் கொரோனா வார்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்று கிலோ குழந்தைக்கு மருந்தளவு கணக்குப் போட்டுப் பழகிய கை, எண்பது கிலோ ஆளின் வென்டிலேட்டர் முன்னால் தயங்கி நின்றது.

குழந்தைகள் வார்டிலேயே இருந்தவர்கள் பாடும் சுலபமாக இல்லை. கைக்குழந்தைக்கு வென்ஃப்ளான் ஊசி போடுவது சாதாரண நாளிலேயே எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிதான் கண். அந்த விரல் மேல் இரண்டு அடுக்குக் கையுறை, கண்ணாடியில் ஆவி. குழந்தையைச் சமாதானப்படுத்த நம்மிடம் இருக்கும் பெரிய மருந்து முகம். அதையும் மூடியாயிற்று. வெள்ளைத் துணி போர்த்திய உருவம் ஒன்று கிட்டே வந்தால் இரண்டு வயதுப் பிள்ளை அலறாமல் என்ன செய்யும்? அப்படி வீறிடும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஊசி போடுவது, நாள் முழுக்க, நாள் தவறாமல் என்றால், போடுகிறவரின் மனம் என்ன ஆகும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அந்தச் சிஸ்டருக்கும் வீட்டில் இரண்டு வயதில் ஒன்று இருந்திருக்கும். ஏழு நாள் டியூட்டி, பிறகு தனிமைப்படுத்தல் என்று அவர் ஏதோ ஒரு விடுதி அறையிலிருந்து வீடியோ காலில் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஊரார் பிள்ளையைத் தூக்கிய கையால் தன் பிள்ளையைத் தூக்க முடியாத நிலை வேறு எந்த வார்டுக்காரரையும்விடக் குழந்தைகள் வார்டுக்காரரைத்தான் அதிகம் வாட்டியது என்பது என் எண்ணம்.

இன்னொன்று. தாய்க்குத் தொற்று இருந்தால் பிறந்த குழந்தையை என்ன செய்வது? தாயையும் சேயையும் சேர்த்தே வையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனால் முதல் மாதங்களில் பல இடங்களில் தாய் ஒரு வார்டிலும் குழந்தை ஒரு வார்டிலும் இருந்தார்கள். இடையில் நின்றவர் செவிலியர். பிரிக்க வேண்டாம் என்று அவருக்குத் தெரியும், விதி பிரிக்கச் சொல்கிறது. எது சரி என்று தெரிந்தும் நிறுவனம் அதைச் செய்ய விடாதபோது வரும் வேதனையை 'அற வேதனை' என்று சொல்லலாம். ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1984இல் செவிலியர்களுக்காக எழுதிய நூலில் அதை ஒரு தனிச் சிக்கலாக எடுத்துப் பேசினார். களைப்பு தூங்கினால் போய்விடும், இது போகாது.

2020 ஏப்ரல் கடைசியில் இங்கிலாந்திலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. தொற்று வந்து போன சில வாரங்கள் கழித்துக் குழந்தைகளுக்கு விடாத காய்ச்சல், கண் சிவப்பு, வயிற்று வலி, சிலருக்கு இதயமே தளர்ந்துபோகும் நிலை. பிள்ளைக்குக் கொரோனா வந்தது என்பதே பல பெற்றோருக்குத் தெரிந்திருக்கவில்லை. கொஞ்ச நாளில் சென்னையிலும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது வந்து, குணமாகி, மருத்துவ இதழில் பதிவானது. பாடப்புத்தகத்தில் இல்லாத நோயை, அது எதிரில் படுத்திருக்கும்போதே படித்துக்கொண்டு சிகிச்சை செய்தவர்கள் குழந்தைகள் வார்டு ஊழியர்கள். பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை.

அடுத்த ஆண்டு வேறொரு வேடிக்கை. இரண்டாம் அலை ஓய்வதற்குள், 'மூன்றாம் அலை குழந்தைகளைத்தான் தாக்கும்' என்று தொலைக்காட்சிகள் தினமும் அடித்துச் சொன்னன. அதற்கு ஆதாரம் இல்லை என்று இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2021 மே 22 அன்றே அறிக்கை விட்டது. யார் கேட்டார்கள்? குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் படுக்கைகள் கூட்டப்பட்டன. அது நல்லதுதான். ஆனால் உடம்பும் மனமும் ஓய்ந்துபோயிருந்த ஊழியர்கள், தங்கள் வார்டு முழுக்கக் குழந்தைகள் மூச்சுத் திணறிக் கிடக்கும் ஒரு நாளை மனதில் ஒத்திகை பார்த்தபடி மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த நாள் வரவில்லை. வராத நாளுக்கு யாரும் ஆறுதல் சொல்வதில்லை.

இனி நாடு அவர்களுக்கு என்ன செய்தது என்று பார்ப்போம். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கை தட்டினோம், தட்டு தட்டினோம். மே 3ஆம் தேதி ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவமனைகள் மேல் பூ தூவினோம். இரண்டுக்கும் நடுவில் வீட்டுக்காரர்கள் மருத்துவ ஊழியர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. நண்பரான டாக்டர் பிரதீப் குமார் நள்ளிரவில் தானே மண் தள்ளி அவரை அடக்கம் செய்தார். மூன்று நாளில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: மருத்துவ ஊழியரைத் தாக்கினால் 5 ஆண்டு வரை, பெருங்காயம் என்றால் 7 ஆண்டு வரை சிறை. சட்டம் வந்தது நல்லது. பயம் போக நாளானது.

பிறகு, கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் தமிழ்நாட்டில் 2022 டிசம்பர் 31ஓடு முடிந்தது. புத்தாண்டுப் பிறப்பன்று அவர்கள் போராட்டத்தில் இருந்தார்கள். அவர்களைத்தான் நாம் தெய்வம் என்று சொல்லியிருந்தோம். தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டாம், தூக்கம் வேண்டாம், மாதவிடாய் நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கவச உடையைக் கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை. உங்களை யாராவது தெய்வம் என்று கூப்பிட்டால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஊழியர் மனநலம் என்றதும் நம் நிர்வாகங்களுக்குத் தோன்றுவது ஒரு யோகா வகுப்பும் ஒரு சொற்பொழிவும்தான். சொற்பொழிவு செய்துகொண்டிருப்பவளே சொல்கிறேன், அது போதாது. 2003இல் சார்ஸ் நோய் கனடாவின் டொரண்டோ நகரை உலுக்கியது. அது அடங்கி ஓராண்டு முதல் இரண்டாண்டு கழித்து, ராபர்ட் மவுண்டர் என்ற மனநல மருத்துவரின் குழு 769 மருத்துவமனை ஊழியர்களை ஆராய்ந்தது. சார்ஸைச் சந்தித்த மருத்துவமனைகளில் இருந்தவர்களிடம், சந்திக்காத பக்கத்து ஊர் மருத்துவமனை ஊழியர்களைவிடச் சோர்வும் மன உளைச்சலும் அப்போதும் அதிகமாக இருந்தன. பலர் நோயாளிகளோடு பழகுவதையே குறைத்துக்கொண்டிருந்தார்கள். போதிய பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்ததாக உணர்ந்தவர்கள் அவ்வளவு நொறுங்கவில்லை. அதாவது, மனம் தாங்குமா தாங்காதா என்பது அவரவர் மன உறுதியை மட்டும் பொறுத்ததல்ல. கையில் முகக்கவசம் இருந்ததா, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததா, மேலே இருந்தவர் கேட்டாரா என்பதைப் பொறுத்தது.

உதவி கேட்டால் வேலைக்கு ஆபத்து என்ற பயமும் உண்டு. நியூயார்க்கில் அவசரப் பிரிவு மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநல உதவி பெற்றது தெரிந்தால் மருத்துவ உரிமம் போய்விடுமோ என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். 2022இல் அமெரிக்கா அவர் பெயரிலேயே மருத்துவ ஊழியர் மனநலத்துக்கு ஒரு சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. நோயாளிக்கு எழுதிக்கொடுப்பதற்கு முன் உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

இன்னும் ஐந்தாறு ஆண்டில் உங்களில் பலர் வார்டு பொறுப்பாளர் ஆகிவிடுவீர்கள். டியூட்டி லிஸ்ட் உங்கள் கையில் வரும். புதிதாக வந்த பிள்ளையை முதல் நைட் டியூட்டிக்குத் தனியாக அனுப்பாதீர்கள். வார்டில் ஒரு குழந்தை இறந்தால், அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைப் பேச விடுங்கள். குற்றம் கண்டுபிடிக்க அல்ல. அதற்கு வேறு கூட்டம் இருக்கிறது. அந்தப் பேச்சில் டாக்டரும் சிஸ்டரும் மட்டும் இருந்தால் போதாது, படுக்கை விரிப்பை மாற்றிய தூய்மைப் பணியாளரும் இருக்க வேண்டும். அந்தக் குழந்தைக்குத் தினமும் பெயர் சொல்லி விளையாட்டுக் காட்டியவர் பெரும்பாலும் அவர்தான். இறந்த பிறகு அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்வரை இதையெல்லாம் தள்ளிப்போட வேண்டாம். டெங்கு மாதங்களில் உங்கள் வார்டில் ஒரு படுக்கைக்கு இரண்டு பிள்ளைகள் கிடக்கும்போதே தொடங்கிவிடுங்கள். நிர்வாகம் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.