ரந்தாவ் பாஞ்சாங் துரையின் கடைசிக் காலம்



முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கி, 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊருக்குப் பக்கத்தில் ‘தென்னமரம்’ தோட்டம் இருக்கிறது. “செம்பனைக் காட்டுக்குத் தென்னமரம் என்று பேரா, சார்?” என்று என் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்நாட்டில் வாணிபத்துக்காக முதன்முதல் செம்பனை போட்ட தோட்டம் அதுதான், ஆண்டு 1917. அதற்குக் காரணமானவர் ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் ஒரு நாவலாசிரியரும்கூட. அவருடைய முதுமைக் காலத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அவர் 1879-இல் பிரான்சிலுள்ள பார்பெஸியூ என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1905-இல் கப்பலேறி வந்து, கிள்ளான் பக்கத்தில் ஒரு துரையிடம் வேலை பழகினார். மலாயும் தமிழும் கற்றுக்கொண்டார். தமிழ் தெரியாமல் பெரட்டுக் களத்தில் நின்று என்ன செய்வது! பிறகு சிலாங்கூர் ஆற்றுக்கு அப்பால் ரந்தாவ் பாஞ்சாங்கில் காடழித்து ரப்பர் போட்டார். அவர் காடழித்தார் என்று நாம் சொல்கிறோம். கோடரி பிடித்த கைகள் வேறு.

முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போர்முனையில் நின்றார். 1925-இல் குடும்பத்தோடு வட ஆப்பிரிக்காவின் துனிசியாவில் குடியேறினார். அங்கே உட்கார்ந்து, நம் பக்கத்துத் தோட்ட வாழ்க்கையை நினைத்து எழுதியதுதான் ‘மலேஸி’ என்னும் நாவல். 1930-இல் அதற்குப் பிரான்சின் பெரும் இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்தது.

அதன்பின் அவர் 43 ஆண்டுகள் உயிரோடிருந்தார். 1938-இல் ஒரு கதைத் தொகுதி வந்தது. வேறு நாவல் வரவில்லை. ஒருவருக்கு ஒரு நாவல்தான் உள்ளே இருந்தது என்றால் அதில் குற்றமில்லை. கிடைத்த புகழை வைத்து வருடத்துக்கு ஒன்று எழுதித் தள்ளாததை நான் மதிக்கிறேன். 1973 ஏப்ரல் 14-ஆம் நாள் பாரிஸில், 94 வயதில், தம் தாய்நாட்டிலேயே கண்மூடினார்.

அவர் அங்கே முதுமையைக் கழித்த அதே ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது? தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் கேட்டார்கள். ஆயுள் முழுதும் பால்மரம் வெட்டிய ஆயிரக்கணக்கானோர், கையில் ஒரு தகரப் பெட்டியோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அங்கே அவர்களுக்கு வீடும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. அவர்களுடைய கடைசிக் காலம் எந்த ஊரில், எப்படிக் கழிந்தது?

ஃபொக்கோனியேயின் நாவலில் பழனியாயி என்றொரு தமிழ்ப் பெண் வருகிறாள். அவள் துரையின் கண்ணில் பட்ட பழனியாயி. லயத்துக் காம்பராவில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவள் என்ன நினைத்தாள் என்பதைத் துரை எப்படி எழுதுவார்? அதற்காக அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நம்மில் ஒருவர் அல்லவா எழுதியிருக்க வேண்டும்!

இதை வகுப்பில் சொன்ன மறுவாரம், ஒரு மாணவி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய பாட்டி எந்த வயதில் மங்கு கழுவப் போனார், கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு எத்தனை மரம் வெட்டினார் என்றெல்லாம் கேட்டு எழுதியிருந்தாள். பாட்டிக்குப் படித்துக் காட்டினாயா என்று கேட்டேன்.

“இரண்டு தடவை படிக்கச் சொன்னாங்க, சார்” என்றாள்.