நாலு பேர் தூக்கினால் போதுமா?

(கடந்த மாதம் எமது லண்டன் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வந்த சொற்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



முதலில் ஒரு பிழையை ஒத்துக்கொள்ளுறேன். போன கூட்டத்துக்கு மண்டபம் பிடித்தது நான்தான். ஒரு கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. லிப்ட் இல்லை. வாடகை குறைவு என்பதை மட்டும்தான் பார்த்தேன். என்ர சித்தியால் வர ஏலாது என்று அறிவித்தபோது, எங்கட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நல்ல மனத்தோடு எழுதினார்: "நாலு பேர் சேர்ந்து தூக்கலாம்." சித்தியிட்டச் சொன்னேன். "நான் என்ன, அரிசி மூட்டையோ?" என்று கேட்டா.

சித்திக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். கால்கள் இரண்டும் இயங்காது. ஒரு கை மட்டும் ஓரளவு வேலை செய்யும். அவவின் மின்சார வீல்செயார் அவவோடு சேர்த்து 200 கிலோவுக்கு மேல் வரும். 2009இல் எங்கட சனம் நாடாளுமன்றச் சதுக்கத்தில் வீதியில் இருந்தபோது எனக்கு எட்டு வயது. என்னைக் கையில் பிடித்துப் பாதாள ரயிலில் அங்கே கூட்டிக்கொண்டு போனது சித்திதான். இன்றைக்கு அவவால் எங்கட நிலையத்துப் படிகளைத் தாண்ட முடியாது. லண்டன் பாதாள ரயிலின் 272 நிலையங்களில் படியில்லாமல் போகக்கூடியவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அங்கேயும் லிப்ட் பழுதென்றால் அன்றைய பயணம் சரி.

அப்ப பஸ்? ராம்ப் இருக்கு. ஆனால் பெரும்பாலும் ஒரு வீல்செயாருக்குத்தான் இடம். அதில் பிள்ளையின் புஷ்செயார் நின்றால்? 2012இல் வெதர்பியில் டக் போலி என்பவர் இப்படித்தான் பஸ் ஏற முடியாமல் நின்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: சாரதி ஒருதரம் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது, மேலும் வலியுறுத்த வேண்டும். மறுப்பவரைக் கட்டாயம் இறக்க வேண்டும் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லவில்லை. ஐந்து வருடப் போராட்டம், அரை வெற்றி.

வாசலுக்கே வரும் டயல்-அ-ரைட் வாகனம் இலவசம்தான். ஆனால் முன்கூட்டியே பதிய வேணும். பதிந்தாலும் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. மருத்துவமனைச் சந்திப்புக்குப் பாவிக்க ஏலாது. நாங்கள் நினைத்தவுடன் வெளிக்கிடுறோம். சித்தி வெளிக்கிட விண்ணப்பம் போட வேணும்.

அந்த ராம்ப்கூட இரக்கத்தில் வந்ததில்லை. 1978 ஜூலை 5ஆம் திகதி அமெரிக்காவின் டென்வர் நகரில் 19 மாற்றுத்திறனாளிகள் நடுவீதியில் பஸ்களை மறித்து, இரவும் அங்கேயே கிடந்தார்கள். 1990 மார்ச்சில் வாஷிங்டனில் வீல்செயார்களை விட்டிறங்கி நாடாளுமன்றப் படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். 1990களில் லண்டனில் கைவிலங்கால் தங்களைப் பஸ்ஸோடு பிணைத்தார்கள். 1995இல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. 2000இல் வந்த விதிகளுக்குப் பிறகே புதிய உள்ளூர் பஸ்களில் வீல்செயார் இடம் சட்டப்படி கட்டாயமானது. வீதியை ஏன் மறிக்க வேண்டியிருக்கு என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இன்னொன்று. சாரதி எங்கட எதிரி இல்லை. நேர அட்டவணைக்குள் அவரை நசுக்கும் முறைமைதான் பிரச்சினை. 2023இல் இங்கிலாந்து ரயில் நிலையங்களின் பயணச்சீட்டு அலுவலகங்களை மூடப் பார்த்தார்கள். ஆளில்லாத நிலையத்தில் ராம்ப் போட யார் வருவார்? தொழிற்சங்கங்களும் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் ஒன்றாக எதிர்த்தன. ஏறத்தாழ 7,50,000 கருத்துகள் போய்ச் சேர்ந்தன. அந்த ஒக்டோபர் முடிவில் திட்டம் கைவிடப்பட்டது. எங்கட இடமும் அந்தக் கூட்டணியில்தான்.

ஆனால் முதலில் எங்கட வீட்டைத் திருத்துவோம். நான் முன்வைப்பது நாலு விடயம்.

படியுள்ள மண்டபம் இனி வேண்டாம், மலசலகூடத்தையும் நேரில் போய்ப் பார்க்க வேணும்.

கூட்ட அறிவித்தலில் படியில்லாத பயண வழியையும் எழுதுவோம்.

வீல்செயார் ஏறும் டாக்சிக்கு எங்கட நிதியில் ஒரு தொகை ஒதுக்குவோம். அதை யாரும் கெஞ்சிக் கேட்க வைக்கக்கூடாது.

ஸூமில் வருகிறவர்களுக்குப் பேசவும் வாக்களிக்கவும் உரிமை வேணும். பார்வையாளராக மட்டும் இருத்தக்கூடாது.

காசு இல்லை என்று சொல்வீர்கள். தெரியும், கணக்குப் பார்க்கிற குழுவில் நானும் இருக்கிறேன். போன வருடம் பதாகைகளுக்குச் செலவழித்ததில் ஒரு பகுதி போதும். "எல்லோருக்கும் விடுதலை" என்று அந்தப் பதாகையில்தான் எழுதினோம்.

அடுத்த கூட்டத்துக்குச் சித்தி தலைமை தாங்க ஒத்துக்கொண்டிருக்கிறா. மண்டபத்தை இந்தமுறை அவவே போய்ப் பார்த்துத் தெரிவு செய்வா.