துள்ளும் நாடி

கருவிலுள்ள சிசுவுக்காகத் தாயே சுவாசிக்கிறாள். அதன் நுரையீரலுக்கு அப்போது வேலையில்லை. ஆகவே, நுரையீரல் தமனியில் வரும் இரத்தத்தை மகாதமனிக்குத் திருப்பிவிட ஒரு சிறு குழாய் அமைந்திருக்கிறது. நிறைமாதக் குழந்தை பிறந்து மூச்சிழுத்ததும் இக்குழாய் சுருங்கி, இரண்டு மூன்று நாட்களில் அடைபட்டுவிடும்.

குறைமாதக் குழந்தைக்கோ அது திறந்தே கிடப்பதுண்டு. மூச்சு தொடங்கியபின் நுரையீரலில் அழுத்தம் தாழ்வதால், மகாதமனியின் இரத்தம் அங்கே திரும்பி ஓடுகிறது. மதகு அடைபடாத வாய்க்காலின் கடைமடை காய்வதுபோல, குடலும் சிறுநீரகமும் இரத்தமின்றி வாடுகின்றன. நுரையீரலோ வெள்ளத்தில் திணறுகிறது.

இதயம் சுருங்கும்போது எழும் மேல் அழுத்தம் ஓரளவு நிற்கும். அது விரியும்போது நிற்கவேண்டிய கீழ் அழுத்தமே சரிகிறது. இடைவெளி அகன்றதால் நாடி துள்ளி அடிக்கும். தொட்டவர், 'பலமான நாடி' என்று மகிழ்ந்து ஏமாறக்கூடும்! மிகச் சிறிய குழந்தைகளில் இரண்டு அழுத்தங்களுமே தாழ்ந்து, அந்தத் துள்ளலும் தோன்றாதிருப்பதுண்டு.

1938-இல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்னும் அறுவை மருத்துவர், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் குழாயைக் கட்டி மூடினார். 1976-இல், குறைமாதக் குழந்தைகளுக்கு இண்டோமெத்தசின் என்னும் மருந்தே கத்தியின்றி அதனை மூடக்கூடும் என்ற செய்தி வெளிவந்தது. குழாயைத் திறந்து வைக்கும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதை அம்மருந்து தடுக்கிறது. ஆயினும் பல குழாய்கள் தாமே மூடிக்கொள்கின்றன. எனவே, எக்குழந்தைக்கு மருந்தளிப்பது, எதற்குப் பொறுத்திருப்பது என்பதில் மருத்துவர்கள் இன்றும் மாறுபடுகிறார்கள்.