தொன்மையும் விருந்தும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கவிதையைப் பற்றிப் பேச இம்மேடையில் பலர் இருக்கிறார்கள். நான் கட்டடங்களைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன். இங்கிலாந்திலும் வேல்சிலும் நாட்டுப்புறத்துப் பழைய களஞ்சியங்களும் பண்ணைக் கட்டடங்களும் இன்று விடுமுறைக் குடில்களாக மாறியிருக்கின்றன. ஒரு வாரத்துக்கு வாடகை செலுத்தினால் சாவி கிடைக்கும். உள்ளே அடுப்பும் பாத்திரமும் கட்டிலும் இருக்கும். சமையற்காரர் இல்லை, பரிமாறுவோர் இல்லை, அரிசியும் பருப்பும் நாமே கொண்டுபோக வேண்டும். விருந்தோம்புபவர் இல்லாத விருந்து அது.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புகளைக் கூறுமிடத்துத் தொன்மையையும் ஒரு வனப்பாக வைத்தார். விருந்தையும் ஒரு வனப்பாக வைத்தார். பழைய செய்தியைத் தழுவி நிற்பது ஒன்று. புதிதாக இயற்றப்படுவது மற்றொன்று. இரண்டும் அழகே. ஆனால் ஒன்று மற்றொன்றின் வேடத்தைப் போட்டுக்கொள்ள அவர் இடம் தரவில்லை. பழங்கட்டடத்தில் புதியவர் குடிபுகும்போது எழும் வழக்கும் இதுவே என்பது என் துணிபு.

முதலில் களஞ்சியத்தைப் பார்ப்போம். ஆங்கில நாட்டுப்புறத்துப் பழைய களஞ்சியம் தானியம் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமன்று. போரடிக்கும் களமும் அதுவே. மழையும் பனியும் மிகுந்த நாட்டில் திறந்தவெளிக் களத்தை நம்ப இயலாது. ஆகவே களத்தின் மீதே கூரை போட்டார்கள். நீண்ட சுவர்களின் நடுவே எதிரெதிராக இரண்டு பெருங்கதவுகள். கதிரேற்றிய வண்டி நேரே உள்ளே வரும். குளிர்காலம் முழுவதும், தோல்வாரால் பிணைத்த இரட்டைக் கோலால் கதிரடித்தார்கள். அடித்தபின் இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டால் காற்று ஊடுருவிப் போகும். தூற்றிய தானியம் தரையில் விழ, பதர் பறந்துவிடும். அந்த இரண்டு கதவுகளின் நிலையே கட்டடத்தின் பொருள். சுவரில் சன்னல்கள் இல்லை. காற்றுக்காகக் குறுகிய பிளவுகள் உண்டு. முகட்டுச் சுவரின் உச்சியில் சில இடங்களில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். எலி பிடிக்க வரும் கூகைக்கு அது வாசல்! இன்று கூகை 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பில் இருப்பதால், களஞ்சியத்தை வீடாக்குவோர் முதலில் அதன் கூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

இதை வீடாக்குவது எப்படி? மனிதருக்கு வெளிச்சம் வேண்டும். சுவரை உடைத்துச் சன்னல் வைக்கிறார்கள். அறைகள் வேண்டும், நடுவில் தளம் போட்டு உயரத்தை இரண்டாக வெட்டுகிறார்கள். புகைபோக்கி முளைக்கிறது. எல்லாம் முடிந்தபின் வண்டிச் சக்கரம் ஒன்றை வாசலில் சாத்தி வைத்து நாட்டுப்புற மணம் என்கிறார்கள். பெருங்கதவு இருந்த இடத்தில் மட்டும் கண்ணாடி பதித்து, கூரை வரையிலான வெளியை வெட்டாமல் விட்டவர்களும் உண்டு. அங்கே நிற்பவனுக்கு வண்டி வந்த வழியும் காற்று போன வழியும் இன்னமும் தெரியும்.

இந்த வேறுபாட்டைக் கொள்கையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு கவிஞர். வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடக் காப்புச் சங்கத்தை நிறுவினார். அக்காலத்தில் மாதாகோவில்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லி, பிற்கால வேலைப்பாடுகளைச் சுரண்டி எறிந்துவிட்டு, இடைக்காலம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாமே கற்பித்துக் கட்டினார்கள். மோரிஸ் அதை ஏமாற்று என்றே கருதினார். ஒழுகலை அடையுங்கள், சாய்ந்ததற்கு முட்டுக் கொடுங்கள், இன்றியமையாத புதிய வேலை புதியதாகவே தெரியட்டும் என்பது அவர் கட்சி. கெல்ம்ஸ்காட்டில் அவர் வாழ்ந்த இல்லத்திற்குச் சில மைல் தொலைவில் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறவிகள் கட்டியது; நீளம் ஏறத்தாழ 150 அடி. பேராலயங்களுக்கு நிகராக அதை அவர் மதித்தார். நல்வாய்ப்பாக அது இன்றும் களஞ்சியமாகவே நிற்கிறது.

எல்லாக் கட்டடத்துக்கும் அந்தப் பேறு இல்லை. பயனற்றுப்போன கட்டடம் இடியும். அதற்கு வேலை கொடுக்க வேண்டும். இந்த எண்ணத்தோடு 1965இல் ஜான் ஸ்மித் என்பவரும் அவர் துணைவியாரும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். கைவிடப்பட்ட கட்டடத்தை மீட்டு, விடுமுறைக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருவாயிலேயே அதைப் பேணுவது அவர்கள் முறை. இன்று அவர்களிடம் ஏறத்தாழ 200 கட்டடங்கள் உண்டு. யார்க்ஷயர் கடலோரத்தில் இரண்டு பன்றிகளுக்காக ஒரு நிலக்கிழார் கிரேக்கக் கோயில் வடிவில் கட்டிய கொட்டிலும் அவற்றுள் ஒன்று. பன்றிகள் அத்தூண்களைப் பற்றி என்ன நினைத்தனவோ!

என் கருத்தில் அவர்களுடைய சிறந்த செயல் வார்விக்ஷயரில் உள்ள ஆஸ்ட்லி கோட்டை. அகழி சூழ்ந்த அந்த மாளிகை 1978இல் தீக்கிரையாயிற்று. கூரையும் தளங்களும் போய்ச் சுவர்களும் சரிந்துகொண்டிருந்தன. பழையபடி கட்டுவது பொய்யாகும். அப்படியே விட்டால் மண்ணாகும். அவர்கள் இடிபாட்டுக்கு உள்ளேயே ஒரு புதிய வீட்டைக் கட்டினார்கள். சிதைந்த கற்சுவர் எங்கே முடிகிறதோ அங்கே புதிய செங்கல் தொடங்குகிறது. இரண்டும் சேரும் கோடு மறைக்கப்படவில்லை. படுக்கை கீழே, சமைத்து உண்டு பேசும் கூடம் மேலே. ஒரு பகுதி கூரையின்றி வானத்தைப் பார்த்தபடியே விடப்பட்டது. 2013இல் பிரித்தானியக் கட்டடக் கலையின் உயர்ந்த விருதான ஸ்டர்லிங் பரிசு இதற்குக் கிடைத்தது. வெண்பாவில் இன்றைய வாழ்வை எழுத முயல்கின்ற நம் நண்பர்கள் அந்தக் கல்லும் செங்கல்லும் சேரும் இடத்தை ஒருமுறை பார்த்துவர வேண்டும். தளை தட்டாமல் எழுதிவிடலாம். புதிய சொல்லைப் பழைய சொல்லின் அருகே வெட்கமின்றி நிற்க வைப்பதுதான் கடினம்.

இவ்வளவு புகழ்ந்தபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். களஞ்சியத்தில் யாரும் குடியிருந்ததில்லை. அதை விடுதியாக்குவதால் எவரும் வீடிழப்பதில்லை. ஊருக்குள் இருக்கும் சிறு வீடுகள் விடுதியாகும்போது நிலைமை வேறு. வேல்சுக் கடலோர ஊர்கள் சிலவற்றில் குளிர்கால இரவுகளில் விளக்கெரியும் வீடுகள் குறைந்துபோயின. அவ்வூர்களில் பேசப்படுவது வேல்சு மொழி என்பதால் வீட்டுச் சிக்கல் மொழிச் சிக்கலும் ஆயிற்று. ஆகவே 2023 ஏப்ரல் முதல், ஆண்டில் 182 நாளேனும் உண்மையாக வாடகைக்குப் போனால்தான் ஒரு வீட்டை விடுதித் தொழிலாகக் கணக்கிடுவது என்றும், இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சிகள் 300 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்கலாம் என்றும் வேல்சு அரசு விதித்தது. இன்னொரு முரணும் உண்டு. இங்கிலாந்தில் பல களஞ்சியங்களுக்கு, விடுமுறைக்கு வருவோர் மட்டுமே தங்கலாம் என்ற நிபந்தனையுடன் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது. தன் பாட்டன் கதிரடித்த இடத்தில் உள்ளூர் மகன் ஒரு வாரம் விருந்தாகலாம், குடியிருக்க முடியாது.

இறுதியாக, எழுத்தாளர்களாகிய நமக்கு நெருங்கிய ஒரு செய்தி. அந்த அறக்கட்டளையின் வீடுகளில் தொலைக்காட்சி இல்லை. அந்தந்த இடத்துக்குப் பொருந்தத் தேர்ந்த நூல்கள் கொண்ட அலமாரியும், தங்குவோர் எழுதிப் போகும் குறிப்பேடும் இருக்கும். மழை, அடுப்பின் குணம், நடந்துபோன பாதை என்று ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்து, தாமும் எழுதுகிறார். ஒருவரையொருவர் சந்திக்காத ஓர் இலக்கிய வட்டம்! ஆனால் அதற்கும் முற்பட்ட குறிப்பேடு களஞ்சியத்து மரங்களில் இருக்கிறது. எந்த மரம் எதனோடு பொருந்தும் என்று தச்சர் வெட்டிய கோட்டெண்கள்; கதவருகே, தீமை அணுகாதிருக்கக் கவராயத்தால் கீறியதாகக் கருதப்படும் ஆறிதழ்ப் பூக்கள். களஞ்சியங்களை வீடாக்கும் ஒப்பந்தக்காரர்கள் சிலர், உத்திரங்கள் தேன் நிறத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அவற்றின் மேல் அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சித் தேய்க்கிறார்கள். ஓரிரு நாள் வேலை. மரத்தின் மேற்பரப்போடு தச்சரின் எண்களும் பூக்களும் உதிர்ந்துவிடுகின்றன.