கூஸ்கோவில் கல்லும் சொல்லும்



தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் நாங்கள் கண்டவற்றை எடுத்துரைக்குமாறு சங்கத்தார் பணித்தனர், மகிழ்ச்சியுடன் உரைக்கின்றோம்.

கூஸ்கோ நகரம் ஆண்டீஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. இன்கா மன்னர்களின் தலைநகராய் விளங்கிய அவ்வூரில் சிறு மேடு ஏறினாலும் மூச்சு வாங்குகிறது. கோக்கா இலையிட்ட வெந்நீரைப் பருகி, மெல்ல நடந்தே ஊரைச் சுற்றினோம்.

இன்கா மக்கள் இரும்புக் கருவி அறியாதவர்கள். கல்லைக் கல்லால் கொத்தித் தேய்த்துச் சாந்தின்றியே சுவர் எழுப்பினார்கள். தெருவோரச் சுவர் ஒன்றில் பன்னிரண்டு மூலைகள் கொண்ட கல்லைக் கண்டோம். அத்தனை மூலைக்கும் இசைய அண்டைக் கற்களையும் செதுக்கியுள்ளனர்!

1533-இல் ஸ்பானியர் இந்நகரைக் கைப்பற்றினர். கொரிக்காஞ்சா என்னும் கதிரவன் கோயிலின் பொற்றகடுகள் உரிக்கப்பட்டன. அதன் சுவர்மீதே கிறித்தவத் துறவியர் மடம் எழுந்தது. 1950 மே 21 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் அம்மடம் பெரிதும் சிதைந்தது. உள்ளே மறைந்திருந்த இன்காச் சுவர்களோ நிலைகுலையாமல் வெளிப்பட்டன.

பின்னர் இரயிலிலும் பேருந்திலும் மச்சு பிச்சு சென்றோம். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த அவ்வூர் கூஸ்கோவினும் தாழ்ந்து, 2,430 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மலைச்சரிவில் படிப்படியாய் வயல்கள், கல் வாய்க்கால்கள், கூரையற்ற வீடுகள். அமெரிக்கப் பேராசிரியர் ஹைரம் பிங்காம் 1911-இல் இதனை உலகறியச் செய்தார். ஆனால் அவர் அங்கே போனபோது, உழவர் குடும்பங்கள் அப்படி வயல்களில் பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்தன. அவர் எடுத்துச் சென்ற பொருள்களை யேல் பல்கலைக்கழகம் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் பெருவுக்குத் திருப்பித் தந்தது.

கல்லினும் எங்களை வியக்க வைத்தது சொல்லே. இன்கா மக்களுக்கு நாமறிந்த வகை எழுத்து இல்லை. கணக்கைக் கயிற்று முடிச்சுகளில் வைத்தனர். அவர்தம் மொழி கெச்சுவா. 1780-இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்தெழுந்த இரண்டாம் தூப்பாக் அமாரு, மறு ஆண்டில் கூஸ்கோவின் பெருஞ்சதுக்கத்தில் கொல்லப்பட்டார். அதனையடுத்து அம்மொழியையும் ஒழிக்க ஆணை பிறந்தது. கோயிலைப் பெயர்த்த கைகளுக்கு மொழியைப் பெயர்ப்பது அரிதாயிற்று. 1975-இல் பெரு அரசே கெச்சுவாவை ஆட்சிமொழியாய் ஏற்றது. 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முப்பத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைத் தாய்மொழியெனப் பதிந்தனர்.

நகரச் சந்தையில், பலநிற உருளைக்கிழங்குகளைக் குவித்திருந்த தாய் ஒருத்தி, அருகிலிருந்த மகளிடம் அம்மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அம்மகளும் அதே மொழியில் மறுமொழி தந்தாள். மொழியைக் காத்த கோட்டை எதுவென்று அங்கே விளங்கிற்று. பிறமொழி வழங்கும் ஊரில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு, அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.